ஒரு பாட்டு நேரம் போதும்: விட்டுப்போன ஸ்விங் நடனத்துக்குத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, ராத்திரி எட்டு மணிக்கு என்ன இடிக்கிறீங்க? வடைக்குப் பருப்பா?"

லிஃப்டில் கீழ்வீட்டுத் தங்கச்சி இப்படிக் கேட்டபோது எனக்கு 53 வயது. பல வருடம் கழித்துச் சமையலறையில் ஸ்விங், அதாவது பழைய அமெரிக்க ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் நடனம், ஆடத் தொடங்கி அன்றோடு நாலு நாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆடுறேன்மா" என்றேன். அவள் என் முட்டியைப் பார்த்தாள்.

நாற்பது வயதுவரை வாரம் இரண்டு முறை ஆடியவள் நான். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வேலையில் பொறுப்பு கூடியது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிப் போய் வருவதே மலைப்பாகிவிட்டது. ஷூ அலமாரிக்கு மேலே ஏறியது. பல வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, திடீர் வேகத்தில் நேராக ஒரு சோஷியலுக்கு, அதாவது எல்லோரும் கூடி ஆடும் நிகழ்ச்சிக்கு, போனேன். மூன்று மணி நேரம் விடாமல் ஆடினேன். மறுநாள் படியிறங்க முடியவில்லை. நாலு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வழிகாட்டி அந்தத் தப்பிலிருந்து பிறந்தது. முன்பு ஆடி விட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கும் பெரும்பாலும் பொருந்தும். இதில் ஒரே ஓர் அளவுகோல்தான்: ஒரு பாட்டு நேரம். 1930, 40-களின் ஸ்விங் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைதான் அடங்கும். அதனால்தான் அந்தக் காலப் பதிவுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்தை ஒட்டியே முடிகின்றன. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அவ்வளவுதான் நான் கேட்பது.

முதல் வாரம்: கால் சும்மா இருக்கட்டும், காது வேலை செய்யட்டும்

இசைக்குழுத் தலைவர்கள் கவுண்ட் பேசி, டியூக் எலிங்டன், சிக் வெப், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. ஹேண்ட்போனில் இந்த நாலு பெயரைத் தேடினால் ஒரு வருடத்துக்கு இசை இருக்கிறது. தினமும் ஒன்று, காலையில் தேத்தண்ணி கொதிக்கும் நேரத்தில். ஆட வேண்டாம்.

கேட்கும்போது கை தட்டுங்கள். இங்கேதான் நம்மவர்களுக்கு முதல் இடறல். பஜனையிலும் உறுமி மேளத்திலும் வளர்ந்த கை முதல் அடியில்தான் விழும். நாலு நாலாக எண்ணினால் ஒன்றும் மூன்றும் நம் இடம். ஸ்விங்கில் தட்டு விழுவது இரண்டிலும் நாலிலும். ஒன்றில் சும்மா இருக்கக் கைக்குச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எல்ஆர்டி ரயிலில் நின்றபடி கம்பியில் ஒரு விரலால் தட்டிப் பழகினேன். யாருக்கும் தெரியாது.

அடுத்தது அந்த இழுப்பு. ஸ்விங் என்ற பெயரே அந்த ஊஞ்சல் அசைவுக்குத்தான். ஓர் அடிக்குள் த-கி-ட என்று மூன்றாகச் சொல்லிப் பாருங்கள். இப்போது நடுவில் இருக்கும் 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். த—ட, த—ட, த—ட. முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குட்டை. கிட்டத்தட்ட அதுதான். பாட்டு வேகமாக ஆக ஆக இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமமாகிவிடும், ஆகவே மெதுவான பாட்டில் கேட்டுப் பழகுங்கள். எட்டு எட்டாக எண்ணுவது மட்டும் நமக்குப் பழக்கம்தான். சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் ஆதி தாளம் போட்டவர்களுக்கு அதே எட்டு அட்சரம்.

எந்தப் பாட்டு மெதுவானது என்று கண்டுபிடிக்கக் கடிகாரத்தைப் பாருங்கள். 15 விநாடியில் 30 முதல் 35 அடி வந்தால் தொடங்குவதற்குச் சரியான வேகம், அதாவது நிமிடத்துக்கு 120 முதல் 140. நாற்பதைத் தாண்டினால் அந்தப் பாட்டைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரம்: தரை, ஷூ, முட்டி

சோஷியல் கதைக்கும் முன்னால் எனக்கு நடந்த ஒன்று. அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை என்று, ஓட்டத்துக்குப் போடும் ரப்பர் ஷூவோடு ஒரு சுழற்சி சுற்றினேன். உடம்பு திரும்பியது, ஷூ திரும்பவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது முட்டி. ஆறு வாரம் நொண்டினேன்.

ஓடுவதற்கான ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளவே செய்யப்பட்டது. ஆடுவதற்கு வேண்டியது வழுக்கியும் வழுக்காமலும் இருக்கிற அடிப்பாகம். தோல் அல்லது மெல்லிய ஸ்வேட் (மிருதுவான சொரசொரப்புத் தோல்) அடிப்பாகம் நல்லது. புதிதாக வாங்கப் பணம் கொட்ட வேண்டாம். பழைய தட்டையான கேன்வாஸ் ஷூவைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஸ்வேட் ஒட்டித் தரச் சொல்லலாம். மரத்தரையாக இருந்தால் ஷூவுக்கு மேலேயே ஒரு பழைய காலுறையை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. வீட்டு மொசைக்கில் வெறும் காலுறையோடு ஆடாதீர்கள், சறுக்கிக்கொண்டு போய் அலமாரியில் முட்டுவீர்கள். அங்கே வெறுங்கால்தான் சரி. சிமெண்டுத் தரையில் நீண்ட நேரம் ஆடுவதும் வேண்டாம், அது திருப்பித் தரும் அடி முழுவதும் முட்டிக்குத்தான்.

முட்டி வீங்குகிறது, அல்லது வலி இரண்டு நாளில் போகவில்லை என்றால் முதலில் மருத்துவர், பிறகு பாட்டு. இதில் வீராப்பு வேண்டாம்.

மூன்றாம் வாரம்: டம்ளர் சோதனை

இனி ஆடலாம், ஆனால் நின்ற இடத்தில். ஸ்விங் ஆடுபவர்கள் 'பல்ஸ்' என்று சொல்வது இதைத்தான்: ஒவ்வோர் அடிக்கும் முட்டி இளகி உடம்பு மெல்லக் கீழே இறங்கும், தானாக மேலே வரும். இறங்குவதுதான் அடி. ஏறுவது இலவசம். நான் அதை மறந்து, அடிக்கு அடி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் என் உடம்பில் ஏழு வருட பரதம் வேறு இருந்தது. 'தையா தை' என்று தட்டடவு பழகிய பாதம் முழுசாகத் தரையில் அறையும். அங்கே சத்தம்தான் அழகு. இங்கே எடை முதலில் முன்பாதத்தில் விழ வேண்டும், குதிகால் அப்புறம் மெல்ல வந்து தொட்டால் போதும். அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் பார்க்கும், இங்கே முன்னால் பார்க்கும், அதுவும் தளர்வாக. கீழ்வீட்டுத் தங்கச்சி கேட்ட இடி எங்கிருந்து வந்தது என்பது லிஃப்டிலேயே புரிந்துவிட்டது.

அன்று இரவு ஒரு வழி கண்டுபிடித்தேன். சமையல் மேடையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றோடொன்று உரசும்படி வைத்தேன். மேடையை ஒட்டி நின்று ஆடும்போது அவை கிணுகிணுத்தால் நான் இடிக்கிறேன். சத்தமே இல்லை என்றால் முட்டி வேலை செய்கிறது. முதல் நாள் கோயில் மணி மாதிரி அடித்தது. ஒன்பதாவது நாள் ஒரு முழுப் பாட்டுக்கும் டம்ளர்கள் பேசவில்லை. ஸ்விங்கில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு இதுதான் என்பேன்.

பல்ஸ் வந்துவிட்டால் அது நாள் முழுக்கக் கூடவே வரும். துணி இஸ்திரி போடும்போது, கியூவில் நிற்கும்போது, சோறு வடிக்கும்போது. வீட்டுக்காரர் ஒருநாள், "ஏன் வெங்காயம் வெட்டும்போது ஆடுற?" என்று கேட்டார். நான் ஆடவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாம் வாரம்: ஆறு எண்ணிக்கை

ஸ்விங் நடனங்களில் ஒன்றான லிண்டி ஹாப்பின் முழு அழகு எட்டு எண்ணிக்கையில் இருக்கிறது. ஆனால் திரும்பி வருபவருக்கு ஆறு எண்ணிக்கைதான் வாசல். அதில் மூன்று துண்டுகள்: ஒரு ராக் ஸ்டெப், இரண்டு ட்ரிப்பிள் ஸ்டெப்.

லீட் செய்பவர், அதாவது ஜோடியில் வழிநடத்துபவர், ஒன்றில் இடதுகாலைப் பின்னால் வைப்பார், இரண்டில் எடையை மறுபடி வலதுகாலுக்குக் கொண்டுவருவார். இது ராக் ஸ்டெப். பிறகு மூன்றிலும் நாலிலுமாகச் சின்னச் சின்னதாக இடது-வலது-இடது. ஐந்திலும் ஆறிலுமாக வலது-இடது-வலது. ஃபாலோ செய்பவருக்கு, அதாவது அவரைப் பின்தொடர்பவருக்கு, இதன் கண்ணாடிப் பிம்பம்: வலதுகால் பின்னால், எடை இடதுக்கு, வலது-இடது-வலது, இடது-வலது-இடது.

எண் வேண்டாம் என்றால் வாயால் சொல்லுங்கள். நான் சொல்வது: "பின்... வா... தா-கி-டா, தா-கி-டா." 'கி' குட்டையாக, அடுத்த 'டா'வோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முன்பு விழுங்கிய எழுத்து வேறு இடத்தில் மறுபடி தலைகாட்டுகிறது, பரவாயில்லை. அடிகள் சிறியதாக இருக்கட்டும். ஒரு மொசைக் கல்லுக்குள் ட்ரிப்பிள் ஸ்டெப் முடிந்துவிட வேண்டும். அகலமாக வைத்தால் அடுத்த அடிக்குக் கால் வந்து சேராது, மூச்சுதான் வாங்கும்.

ஆடும்போது ஒரு குழப்பம் வரும். பாட்டு எட்டு எட்டாகப் போகிறது, நீங்கள் ஆறு ஆறாக ஆடுகிறீர்கள். தப்பு பண்ணுகிறோமோ என்று தோன்றும். தப்பில்லை. ஆறும் எட்டும் 24-இல் சந்திக்கும்: நீங்கள் நாலு முறை ஆடி முடிக்கும்போது பாட்டு மூன்று எட்டு முடித்திருக்கும், இருவரும் ஒன்றாக ஒன்றில் இறங்குவீர்கள். கச்சேரியில் கோர்வை முடிந்து சமத்தில் விழும்போது தொடையைத் தட்டுவோமே, அதே சுகம். முதல் தடவை அது தானாக அமைந்தபோது நான் கரண்டியோடு கையைத் தூக்கிவிட்டேன்.

சேலை மடிப்பு

ஜோடி ஆட்டத்தில் எல்லோரும் கேட்பது, "அவர் என்ன செய்யப்போகிறார் என்று எப்படித் தெரியும்?" விளக்கி விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. கடைசியில் சேலைதான் கைகொடுத்தது.

காய்ந்த சேலையை இரண்டு பேர் மடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு முனை. துணி தொய்ந்தால் மடிப்பு கோணும், வெடுக்கென்று இழுத்தால் கையிலிருந்து நழுவும். இடையில் அளவான ஒரு விறைப்பு இருக்கும். ஒருவர் முன்னால் வரத் தொடங்கினாலே துணி இளகி அடுத்தவருக்குச் சேதி போய்விடும், யாரும் வாய் திறப்பதில்லை. ஸ்விங்கில் கைகளுக்கு நடுவே இருக்க வேண்டியது அந்த விறைப்புதான். விரல்கள் கொக்கி போல லேசாக மாட்டியிருக்கட்டும், கட்டைவிரலால் அடுத்தவர் கையை அமுக்கக்கூடாது.

வீட்டில் யாராவது இருந்தால் ஆறு கெஜச் சேலை ஒன்றை எடுத்துப் பாட்டு ஓடும்போது மடித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் நடனம் என்றால் ஓடிவிடுவார். சேலை மடிக்கக் கூப்பிட்டால் வருவார். மூன்று சேலை மடித்தோம். மூன்றாவதில் அவர் முட்டி இளகியதைப் பார்த்தேன். சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும்.

நடனம் இல்லாத நாட்களுக்கு

வாரத்தில் எல்லா நாளும் ஆட வேண்டாம். ஆடாத நாளிலும் அந்த மூன்று நிமிடத்தை விடாதீர்கள், வேறொன்றுக்குக் கொடுங்கள். தினமும் நல்லது ஐந்து எழுதி வை என்று ஒருவர் சொல்லி நோட்டுப் புத்தகமெல்லாம் வாங்கினேன். பத்தாவது நாள் அது வீட்டுப்பாடமாகிவிட்டது, 'சாம்பார் நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டுத் தூங்கினேன். எனக்கு எழுத்து ஒத்துவரவில்லை. நேரம் ஒத்துவந்தது: ஒரு பாட்டு நீளத்துக்கு ஒரே ஒரு காரியம், வேறெதுவும் இல்லை.

பங்சாரில் ஞாயிற்றுக்கிழமை பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போடுவார்கள். அங்கே அப்பம் பாலிக் கடை முன்னால் நின்று பாருங்கள். மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றி ஓரம்வரை பரப்புவார். மூடி போட்டுக் காத்திருப்பார். பொடித்த கடலை, சர்க்கரை, கொஞ்சம் சோளம். பிறகு கரண்டியால் ஓரத்தைக் கிளப்பி ஒரே மடிப்பு. கிட்டத்தட்ட ஒரு பாட்டு நேரம். சில வெள்ளிக்கு வாங்கிய அப்பத்தைவிட அந்த வேடிக்கை எனக்கு அதிகம் ருசித்தது. மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் என்ற பால் தேத்தண்ணியை இழுத்து ஆற்றுபவர் இன்னும் விசேஷம். அவர் கை ஏறி இறங்குவதில் ஒரு தாளம் இருக்கிறது, கூட்டம் கூடினால் வேகமும் கூடும்.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். நாலு மணி மழைக்கு ஜன்னலோரம். வாசலில் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம். ஹேண்ட்போன் மட்டும் அந்த மூன்று நிமிடத்துக்குக் கவிழ்ந்து கிடக்கட்டும்.

தபால் அலுவலகத்தில் முப்பது வருடம்

"இந்த வயசுல இது தேவையா?" என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். பதில் சொல்லத் தோன்றினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் சவாய் என்ற நடன மண்டபம் திறந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தரையில் ஆடிய இடம், அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரண விஷயமில்லை. 1920-களின் கடைசியில் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய லிண்டி ஹாப் அங்கேதான் செழித்தது. அங்கே ஆடிய பிராங்கி மேனிங் 1914-இல் பிறந்தவர். ஜோடியைத் தூக்கிப் புரட்டும் ஆட்டத்தை 1930-களில் லிண்டி ஹாப்புக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பிறகு போர் வந்தது, ரசனை மாறியது, நடன வேலை வற்றியது. 1950-களின் நடுவில் அவர் தபால் துறையில் சேர்ந்தார். சவாய் 1958-இல் மூடப்பட்டது. முப்பது வருடம் அங்கேயே வேலை பார்த்தார்.

1986-இல் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு இளம் நடனக்காரர்கள் அவரைத் தேடிப்போய்க் கற்றுத்தரக் கேட்டார்கள். அப்போது அவருக்கு 72 வயது ஆகிறது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நாடு நாடாகப் போய்க் கற்றுக்கொடுத்தார். 2009 ஏப்ரலில் காலமானபோது 95 நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. அவர் பிறந்த மே 26-ஐத்தான் உலக லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த நடனம் நமக்கு அந்நியம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோலாலம்பூர் எப்போதுமே ஆடிய ஊர்தான். இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் பக்கத்தில் பிபி பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே இசைக்குழுவுக்கு ஜோகேட் என்ற மலாய் நடனம் ஆடச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மலாய்த் திரைப் பாடகர் பி. ரம்லியின் பாட்டுகளில் ரும்பாவும் சா-சா-சாவும் ஓடுவதைக் கேட்டுத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் வளர்ந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: ஜோகேட்டில் ஜோடி தொட்டுக்கொள்ளாமல் ஆடும், ஸ்விங்கில் கை பிடிக்க வேண்டும். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. நாலு பாட்டில் போய்விடும். போகவில்லை என்றால் தனியாக ஆடும் சார்ல்ஸ்டன் இருக்கிறது, அதற்கு யார் கையும் வேண்டாம்.

ஐந்தாம் வாரம்: மாடிப்படி

இப்போது வகுப்புக்குப் போகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வகுப்புகள் பெரும்பாலும் கடைவரிசையின் மேல்மாடியில் நடக்கும். நான் போவது பெட்டாலிங் ஜெயாவில், கீழே சாப்பாட்டுக் கடை, மேலே ஆட்டம். முன்பு தெரிந்த ஆட்டமாக இருந்தாலும் தொடக்க வகுப்பிலேயே சேருங்கள். இரண்டாம் நிலையில் போய் நின்று பழைய பெருமையைக் காட்டப் பார்த்து வெட்கப்பட்டது போதும் எனக்கு.

ஜோடியோடு போக வேண்டியதில்லை. வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பெண்கள் லீட் செய்யலாம், ஆண்கள் ஃபாலோ செய்யலாம், தொடங்கும்போது எது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். அடுத்தவரை ஆடக் கூப்பிடும்போது ஒரு புன்னகையும் "ஆடலாமா?" என்ற ஒரு கேள்வியும் போதும். வேண்டாம் என்றால் அது ஒரு பாட்டுக்கான வேண்டாம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் மறுக்க உரிமை உண்டு, காரணம் சொல்லக் கட்டாயமில்லை. நடுவில் இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஆடிக்கொண்டிருப்பவருக்குப் பாடம் நடத்தும் ஆட்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் அடுத்த பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நம் ஊர் வெக்கையில் இரண்டு பாட்டுக்குள் சட்டை நனைந்துவிடும். பையில் இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு சின்னத் துண்டு, தண்ணீர் போத்தல். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போகாதீர்கள், சுழற்சியில் எதிராளி முகத்தில் அடிக்கும். அனுபவம்.

முதல் சோஷியலுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு பாட்டு. ஒரு பாட்டு ஆடினால் ஒரு பாட்டு உட்கார வேண்டும். அடுத்த வாரம் எட்டு. முட்டி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்கடுத்த வாரம் பத்து. ஆறாவது முடிந்ததும், எவ்வளவு நல்ல பாட்டு ஓடினாலும், ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். கழற்றாமல் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள், நீங்களும் எழுந்துவிடுவீர்கள். கிளம்புவதற்கு முன் ஈரச் சட்டையை மாற்றிவிடுங்கள், எல்ஆர்டியில் ஏசி அப்படிக் குளிரும்.